மெழுகு அக்கா எழுதிய அறிவிப்பு

“பழுது” என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே “தற்காலிக மாறுதல்” என்று எழுதுகிறார் மெழுகு அக்கா. பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தபடி யோசிக்கிறார். முன்னால் ஒரு “சிறு” சேர்ந்ததும் முகத்தில் திருப்தி.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகப் புகார்களுக்குப் பதில் எழுதுவது இவர்தான். மழுப்புவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அகராதி எதற்கு? இவருடைய கடிதம் ஒன்று போதும். பொய் ஒரு வரி இருக்காது. உண்மையும் கையில் சிக்காது. பூசி மெழுகுவதில் அப்படியொரு கைநேர்த்தி, அதனால்தான் அந்தப் பெயர். “பொய் சொல்ல எதுக்குப்பா மூளை? மழுப்பத்தான் மூளை வேணும்” என்று பெருமையாகவே சொல்வார்.

வீட்டிலோ நேர்மாறு. கணவர் சமைத்தால், “வாயில வைக்க முடியல” என்று முகத்துக்கு நேரே போட்டு உடைப்பார்.

எழுதியதை முதலில் மெக்கானிக்கிடம்தான் நீட்டுவார். அவர் “சரிக்கா” என்றால் கடிதம் தேறிவிட்டது. கேள்வி கேட்டாரோ, போச்சு, இன்னொரு பூச்சு! கையெழுத்து மட்டும் எதிலும் போடமாட்டார். அடியில் “நிர்வாகம்” என்று இருக்கும், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டில் பிரேக் தேய்ந்திருப்பதாக மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். புதியது வர நான்கு நாள் ஆகும். “லிஃப்டை நிறுத்தினா ஒப்பந்தம் போயிடும். கதவுல ஒட்ட ஏதாவது பக்குவமா எழுதுங்க” என்றார் மேனேஜர். அக்கா எழுதினார். பிரமாதமாகவே வந்தது.

மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தார். “அக்கா, அஞ்சாவது மாடியில ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கு. இதைப் படிச்சிட்டு அது ஏறலாமா, கூடாதா?”

“ஏறக் கூடாதுன்னு நான் எங்கப்பா எழுதியிருக்கேன்?”

“அதைத்தான்க்கா கேக்கறேன்.”

அக்கா தாளை வாங்கி மறுபடி படித்தார். தன் கைநேர்த்தி மேலேயே முதல் முறையாகக் கோபம் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டார். ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைப் பிய்த்து, தடித்த பேனாவால் எழுதினார்: “பிரேக் தேஞ்சு போச்சு. யாரும் ஏறாதீங்க.”

“நீ போய் முதல்ல லிஃப்டை நிறுத்து.”

“சார் கேட்டா?”

“நிர்வாகம்” என்று எழுதப் போன கை நின்றது. அந்த இடத்தில் தன் பெயரை எழுத்தெழுத்தாக, பெரிதாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, அட்டையை அவரிடம் நீட்டினார்.