இருபது ஈயக்குண்டும் ஒரு கையெழுத்தும்

ஓடுகிற விளையாட்டு எதிலும் நான் உருப்படப் போவதில்லை என்ற முடிவுக்கு, ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் என் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியைகள் மூவர் தனித்தனியே ஆராய்ந்து வந்திருந்தார்கள். பந்து என்னை நோக்கி வந்தால் மரியாதையாக விலகி வழிவிடுவேன். அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவளை யார் எடுப்பது என்று இரண்டு பக்கமும் பேரம் நடக்கும். அப்படிப்பட்ட எனக்குப் பதினோரு வயதில், ஆடாமல் அசையாமல் நிற்பதற்குப் புள்ளி போடுகிற விளையாட்டு ஒன்று உலகத்தில் இருப்பது தெரியவந்தது. சும்மா இருப்பதைப் பெரிய ஞானமாகப் போற்றுகிற சைவ சமயத்தில் பிறந்தவள் நான். அதற்குப் புள்ளியும் தருகிறார்கள் என்றால் விடமுடியுமா?

கோடைச் சந்தையில் எங்கள் பகுதியின் துப்பாக்கிச் சங்கம் ஒரு கடை போட்டிருந்தது. தக்கை பாயும் விளையாட்டுத் துவக்கால் தகரக் குவளைகளை விழுத்தவேண்டும். ஐந்துக்கு ஐந்தும் விழுத்தினேன். கடையை நடத்தியவர் எங்கள் தெரு இறைச்சிக்கடையில் வேலை செய்யும் பெண்மணி. சங்கத்தின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கைக்கு நல்ல அமைதி இருக்கிறது" என்றார். என் கையைப் பற்றி யாரும் நல்லதாகச் சொன்னது அதுவே முதலும் கடைசியும்.

பன்னிரண்டு வயது நிறைந்ததும் வியாழக்கிழமைப் பயிற்சி தொடங்கியது. காற்றழுத்தத்தில் ஈயக்குண்டு பாய்கிற துவக்கு, பத்து மீற்றர் தூரம், காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம். பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சுடலாம் என்பது பயிற்சிக்கான விதி. அம்மா வந்து மூலையில் அமர்ந்து தன்னுடைய ஜேர்மன் வகுப்பு வீட்டுவேலையைச் செய்வார். நான் சுடுவதை அவர் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை. மண்டபத்தில் ஹீற்றர் எரிகிறதா என்பதை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அம்மாவுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு எதிரிதான் இருந்தது: குளிர்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல் போட்டி என்று அறிவித்தார்கள். என்னோடு இன்னும் இரண்டு சிறுமிகள், ஆக மூவர் ஓர் அணி. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அதோடு போட்டிக்கு வேறு விதி. அனுமதிப் படிவத்தின் கீழே இரண்டு கோடுகள்; தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. "இரண்டு கோடு, இரண்டு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் நீ சுடமுடியாது. நீ இல்லாவிட்டால் அணியும் இல்லை" என்றார் பயிற்சியாளர். இறைச்சி நிறுக்கும்போதும் அவர் அப்படித்தான், ஒரு கிராம் கூடவோ குறையவோ விடமாட்டார்.

அம்மா அன்றே கையெழுத்து வைத்துவிட்டார். மற்றக் கோட்டுக்காக நான் கவலைப்படவே இல்லை. ஏனென்றால் படிவம் என்பது அப்பாவின் சாம்ராஜ்யம். அந்த வட்டாரத்துத் தமிழ்ச்சனம் முழுவதும் சனி, ஞாயிறுகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கும். "அண்ணை, இந்த அன்ராக்கை ஒருக்காப் பாருங்கோ" என்று விண்ணப்பக் கடதாசியை நீட்டுவார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டு, சின்ன எழுத்துகளை எல்லாம் வாசித்து, பத்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் கரண்ட் பில்லுக்கும் தடுப்பூசிக்கும்கூடத் தனித்தனிக் கோப்புகள் உண்டு.

என் படிவத்தையும் கண்ணாடி போட்டு வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, "பாப்பம்" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரிடம் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: "இல்லை" என்ற சொல்லுக்கு மேல்முறையீடு உண்டு, "பாப்பம்" என்பதற்குக் கிடையாது.

நான் மனம் தளரவில்லை. வீட்டிலும் பயிற்சியைத் தொடர்ந்தேன். வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியில் ஒரு லீற்றர் பால் பெட்டியைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும். குறிக்கு, அம்மாவின் கறுப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பக்கத்தில் முருகன் கலண்டர். "கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினாயெண்டால் வேலவன்ரை நெஞ்சு, கவனம்" என்று அம்மா சமையலறையிலிருந்து எச்சரிப்பார்.

ஒரு சனிக்கிழமை, வாடகைச் சலுகைப் படிவத்தோடு வந்திருந்த ஒருவர் என் கோலத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, ஆரைச் சுடப் போறாய்?"

"ஒருத்தரையும் இல்லை மாமா. போட்டி."

"அண்ணை, நல்ல கதை! நாங்கள் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் இங்க வைச்சுப் பிள்ளைக்குப் பழக்குறியள்."

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பிறந்த திகதி எழுதவேண்டிய கட்டத்தில் ஊரின் பெயரை எழுதிவிட்டார். அப்பா படிவத்தில் பிழைவிட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வந்தவர் புதுப் படிவம் எடுக்கத் திங்கட்கிழமை மறுபடி அலையவேண்டியதாயிற்று.

அப்பா அந்தச் சாதனத்தைத் துவக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உந்தச் சாமான்" என்றுதான் சொல்வார். ஜேர்மன் கூடக்கூட மனிதருக்குத் தமிழ்ச் சொற்கள் மறந்துபோகின்றன என்று நான் அவருக்காக இரக்கப்பட்டேன்.

அந்த வாரம் ஊரிலிருந்து அத்தையின் கடிதம் வந்தது. அப்பாவின் ஒரே தங்கை. கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருக்கு அப்போது கடைவாய்ப்பல் ஒன்று தொல்லை கொடுத்துக்கொண்டிருந்ததால் நான் பல்லையே சந்தேகித்தேன். எனக்கு அந்தக் கடிதத்தின்மேல் இரண்டு மனக்குறைகள். ஒன்று, அதை என் படிவத்தின் மேலேயே வைத்து அதே காந்தத்தால் ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது, அதன் கடைசியில் மச்சாளின் வரி இல்லை. எங்கள் குடும்பத்துக் கடிதங்களில் அடியில் இரண்டு விரற்கடை இடம் பிள்ளைகளுக்கு உரியது. என்னைவிட மூன்று வயது மூத்த அத்தை மகள் ஒவ்வொரு முறையும் பென்சிலால், "உங்கட குளிர் எப்பிடி?" என்று எழுதுவாள். நானும், "இங்கே சரியான குளிர்" என்று பதில் எழுதுவேன். ஐந்து வருடமாக நாங்கள் நடத்திய இலக்கியப் பரிமாற்றம் அவ்வளவுதான். இந்த முறை அந்த இடம் வெறுமையாக இருந்தது. பெரிய வகுப்புக்குப் போனதும் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று தீர்மானித்தேன்.

போட்டி நாளும் வந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதின்மூன்று. விடிகாலையில் எழுந்த அம்மா, தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, என் நெஞ்சிலும் கன்னங்களிலும் உள்ளங்கைகளிலும் தேய்த்தார். கம்பளிச் சட்டை மூன்று, அதன்மேல் கழுத்துச் சால்வை. "உள்ளுக்க குளிர் போகாது, நீ பயப்பிடாமல் சுடு" என்று ஆசீர்வதித்துவிட்டு வேலைக்குப் போனார். படிவம் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். அசையாமல் நிற்பதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே.

அப்பா குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கடிதத்தைக் கவனமாக எடுத்து அப்பால் வைத்தார். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"அப்பா, கையெழுத்துப் போட்டிட்டியளோ?"

"முதல்ல இடத்தைப் பாப்பம். வா."

மண்டபத்துக்குப் போனபோது துவக்குகள் எல்லாம் மேசையில் வரிசையாகக் கிடந்தன. குளிரிலிருந்து வந்த துவக்கை உடனே சுடக்கூடாது, ஒரு மணிநேரம் அறைச்சூட்டில் வைத்துக் குளிர் விடவேண்டும். அப்பா அவற்றுக்குக் கிட்டவும் போகவில்லை. நேரே மறுகோடிக்கு நடந்து, குறிக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த இரும்புத் தகட்டை விரலால் தட்டினார். பிறகு படிவங்களிலிருந்து கற்ற தன்னுடைய கந்தோர் ஜேர்மனில் பயிற்சியாளரிடம் கேட்டார்: "மேன்மைக்குரிய அம்மணி, இங்கே மனித உருவத்தில் அமைந்த குறி ஏதேனும் பாவனையில் உள்ளதா?"

அணியின் மற்ற இரண்டு சிறுமிகளும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "இல்லை. வட்டம் மட்டும்தான்" என்றார்.

"பிற்காலத்தில்? வயது கூடும்போது?"

"எண்பது வயதானாலும் இதே வட்டம்தான்."

அப்பா பேனாவை எடுத்தார். குளிரில் மை உறைந்து எழுத மறுத்தது. பயிற்சியாளர் ஒரு பென்சிலை நீட்டினார். "பென்சில் செல்லாது" என்று சொல்லிவிட்டு, அப்பா பேனாவை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினார். நடுவர் என் பெயரைக் கூப்பிடத் தொடங்கியபோதுதான் மை இறங்கியது. கையெழுத்திட்டவர் வெளியே போய்விட்டார்.

என் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. மூன்று கம்பளிச் சட்டைக்கு மேல் அந்த விறைப்பான சூட்டிங் ஜக்கெற் பூட்டுப்படவில்லை, இரண்டைக் கழற்றினார்கள். கன்னத்தைத் துவக்கில் சாய்த்தேன். எண்ணெய்க்கு வழுக்கிக்கொண்டு போனது. பயிற்சியாளர் சோப்புப் போட்டு என் முகத்தையும் கையையும் கழுவி, துவக்கையும் துடைத்தார். கற்பூர வாசனையில் மண்டபம் முழுவதும் கோயிலானது. எதிரணிச் சிறுமி இரண்டு முறை தும்மினாள். ஆனாலும் நான் அவளுக்குச் செய்த தீங்கைவிட நன்மையே அதிகம். என் ஏழாவது குண்டை அவளுடைய காகிதத்தில் சுட்டு, எனக்குப் பூச்சியம் வாங்கிக்கொண்டேன்.

சத்தம் "டிக்" என்றுதான் கேட்கும், மேசையில் விரலால் சுண்டினாற்போல. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு யன்னலைப் பார்த்தேன். வெளியே பனியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முகம் கார்கள் நிற்கும் பக்கம் திரும்பியிருந்தது. இருபது குண்டும் சுட்டு முடியும்வரை அவர் உள்ளே பார்க்கவில்லை. மகள் தோற்பதைக் காணப் பொறுக்கவில்லை என்று நினைத்து நெகிழ்ந்தேன்.

தோற்றோம். "போட்டியில ரெண்டாமிடம்" என்று அம்மா ஊர் முழுக்கச் சொன்னார். எத்தனை அணிகள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அப்பா என் குறிக் காகிதத்தை வெளிச்சத்தில் உயர்த்தி, ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கடதாசிதானே" என்றார்.

"ஓம் அப்பா, கடதாசிதான்."

"வெறும் கடதாசிதானே."

இளக்காரமாகச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருந்து அத்தைக்குப் பதில் எழுதினார். நான்கு பக்கம். அவர் தேநீர் ஊற்ற எழுந்த சமயம், வழக்கம்போல் அடியில் இருந்த இரண்டு விரற்கடையை நான் கைப்பற்றினேன். மச்சாளின் தலைக்கனத்தை மன்னித்து, பெருந்தன்மையோடு எழுதினேன்: "நான் துவக்குச் சுடப் பழகிவிட்டேன். நீ இங்கே வந்தால் உனக்கும் பழக்கிவிடுவேன்."

அப்பா திரும்பி வந்து அதை வாசித்தார். தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எழுத்து வடிவாயிருக்கு" என்றார். பிறகு, "ஆனால் எண்ணெய் பட்டிட்டுது, பிள்ளை. நான் வேற தாளில திருப்பி எழுதுறன்."

நான்கு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினார். முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளி, "இப்ப அத்தைக்கு எழுது. இங்க சரியான குளிர் எண்டு எழுது" என்றார். எழுதினேன். அம்மாவின் எண்ணெயால் மனிதருக்கு எவ்வளவு வீண் வேலை என்று வருத்தமாகவும் இருந்தது.

போன வருடம் அப்பா சின்ன வீட்டுக்கு மாறினார். கோப்புகளை அடுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். கரண்ட், தடுப்பூசி, வாடகை எல்லாவற்றுக்கும் பின்னால் பெயரெழுதாத கோப்பு ஒன்று. அதில் அத்தையின் அந்தக் கடிதம். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன மகள் வீட்டுக்கு வரவில்லை என்றும், இரண்டு கிழமை கழித்து அவளை வேறு பிள்ளைகளோடு தோளில் துவக்குடன் கண்டதாக யாரோ வந்து சொன்னார்கள் என்றும் அத்தை எழுதியிருந்தார். மச்சாளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் பிறகும் வரவில்லை.

அதன் கீழே என் குறிக் காகிதம். அதற்கும் கீழே, அப்பா முதலில் எழுதிய நான்கு பக்கங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் என்னுடைய இரண்டு வரி. தாளை யன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி, அப்பா செய்ததைப் போலவே, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். எண்ணெய் எங்கேயும் பட்டிருக்கவில்லை.