ஒரு வாரம் முந்திய தேதி

நான் பொய் சொன்னேன். ஆய்வறிக்கையை ஒப்படைக்க வேண்டிய கடைசித் தேதியை ஒரு வாரம் முன்னதாக மாற்றி, என் கூட்டாளிகள் இருவரிடமும் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்!

என்னைத் திட்டுவதற்கு முன் எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள். திண்டுக்கல்லில் எம்.எஸ்சி. தாவரவியல், கடைசி ஆண்டு. ரோஸ்லின், கார்த்தி, நான்... ஒரே குழு. பறித்த மல்லிகையை எவ்வளவு நேரம் வாடாமல் வைத்திருக்கலாம் என்பது ஆய்வு. பூக்கள் வாடிக்கொண்டே இருந்தன, நாங்கள்தான் அசையவில்லை. அதுவரை ஒரு அசைன்மென்ட்டைக்கூட நேரத்தில் கொடுத்தறியாதவர்கள். மூவருக்கும் அரியர்.

"பாத்துக்கலாம் முத்து, இம்புட்டு அவசரம் எதுக்கு?" என்பான் கார்த்தி. நானும் தலையாட்டியவள்தானே!

துறைத்தலைவர் குழுத் தலைவர்களை மட்டும் அழைத்துத் தேதியைச் சொன்னார். எங்கள் குழுவுக்கு நான்தான் தலைவி. வெளியே வந்தவள் வேறொரு தேதியைச் சொன்னேன். "ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு தேதியாம். நமக்குத்தான் முதல்ல." எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

அடடா, அதன் பிறகு நாங்கள் உழைத்த உழைப்பு! விடியற்காலையில் பூச்சந்தை, பகலெல்லாம் ஆய்வகம். இன்னார் இன்ன அத்தியாயம், இன்ன கிழமைக்குள் என்று பிரித்துக்கொண்டோம். சோம்பேறி என்று பெயரெடுத்த கார்த்தி, குஜிலியம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

அப்போதுதான் ரோஸ்லின் தயங்கித் தயங்கி வந்தாள்.

"சாணார்பட்டில அக்காவுக்கு வளைகாப்பு, முத்து. ஒரு நாள் போயிட்டு ஓடி வந்துரவா?"

போய்விட்டு வா என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். கையில் ஒரு முழு வாரம் இருந்தது... எனக்கு மட்டும் தெரிந்த வாரம்! ஆனால் ஒரு கயிற்றைத் தளர்த்தினால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று பயந்தேன்.

"உன் இஷ்டம். தேதி தாண்டுச்சுன்னா மூணு பேருக்கும் போச்சு."

அவள் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டவணைகளைச் சரிபார்க்க உட்கார்ந்தாள்.

நான் சொன்ன தேதியிலேயே அறிக்கையைக் கொடுத்தோம். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். அடுத்த வாரம் மற்ற குழுக்கள் பிரிண்ட் கடை வாசலில் அடித்துப் பிடித்து நின்றபோது, நாங்கள் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். முதல் மதிப்பெண் எங்களுக்கே! அரியரையும் அதே வேகத்தில் துடைத்தெறிந்தோம். கார்த்தி ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தான். ரோஸ்லினுக்கு விதை நிறுவனத்தில் வேலை. நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்க என்னையே அழைத்தார்கள். எடுத்தேன்! கைதட்டினார்கள்! உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் இனித்தது.

பின்னர் ரோஸ்லினின் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். போயிருந்தேன்.

"ஒரே தங்கச்சி, வளையல் போட வரலையேன்னு அன்னைக்கு அம்புட்டு அழுதேன்," என்றார் அக்கா. "இப்பப் பாரு, வேலைக்குப் போறா. எல்லாம் உன்னாலதானாம்ல!" என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ரோஸ்லின் பெருமையோடு சிரித்தாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை. நாங்கள் ஜெயித்தது நிஜம். அந்தப் பொய் இல்லாமல் ஜெயித்திருக்கமாட்டோம் என்பதும் நிஜம். மறுபடி வாய்த்தாலும் தேதியை மாற்றித்தான் சொல்வேன். ரோஸ்லின் வந்து கேட்கும்போதாவது, போய்விட்டு வா என்பேனா?

தெரியவில்லை... அதுதான் என்னை உறுத்துகிறது.