சவரி ஆல்பத்துக்கு நான் எழுதிய விமர்சனமும் அதற்கு வந்த திருத்தமும்

1. வாசலில் ஒரு ஜீப்

நான் எழுதிய முதல் இசை விமர்சனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்தது. காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நல்ல சட்டையாக மாற்றிக்கொண்டு வெளியே போனேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு என்மேல்.

அப்போது நான் மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்குக் கொடைக்கானல் பகுதி நேர நிருபர். பூண்டு விலை, காட்டெருமை நடமாட்டம், மூடுபனியால் போக்குவரத்து பாதிப்பு. என் துறைகள் இவ்வளவுதான். அதற்குள் ராப் எப்படி வந்தது என்றால், டெஸ்க்கில் இருந்த செய்தி ஆசிரியர் ஒரு நாள் போன் செய்தார்.

"என்னய்யா, அந்த ராப் பாடுற சவரி உங்க மலைக்காரர்தானே? புது ஆல்பம் வந்திருக்கு. முந்நூறு வார்த்தை எழுதி ஃபேக்ஸ் பண்ணு."

"சார், எனக்கு ராப் தெரியாது சார்."

"பூண்டு தெரிஞ்சா எழுதுறே? எழுதுய்யா."

சவரி எங்கள் மலைக்காரர்தான். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். இங்கே வளர்ந்து சென்னைக்குப் போனவர். ராப் என்றால் என்னவென்றே ஜனங்களுக்குத் தெரியாத காலத்திலிருந்து பாடுகிறவர். பல வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்திருந்த ஆல்பத்தின் பெயர் 'நாலாம் நம்பர் லயம்'. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்.

கேசட் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மழையும் கூடவே வந்தது. கம்பிமேல் மரம் விழுந்து எங்கள் தெருவில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. டெட்லைன் மட்டும் இருந்தது. டார்ச் லைட்டிலிருந்த பழைய பேட்டரிகளைக் கழற்றி டேப் ரெக்கார்டரில் போட்டேன். சவரி பாடினார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, யோசித்து யோசித்துப் பாடினார்.

"ஏங்க, டேப்பு இழுக்குதுங்க" என்றாள் என் மனைவி.

"இது ராப்பு. இப்படித்தான் இருக்கும்" என்று அவளுக்கு இசை கற்றுக்கொடுத்தேன்.

'வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது' என்று எழுதினேன். தலைப்பு: 'நாக்கு தளர்ந்த நாயகன்'. அப்படியும் முந்நூறு வார்த்தை வரவில்லை. சொற்கள் தெளிவாகக் கேட்டனவே என்று பாட்டிலிருந்தே இரண்டு வரிகளை எடுத்து இடத்தை நிரப்பினேன்.

பேரு கேட்டான், ஊரு கேட்டான், தாத்தன் ஊரு ஏது கேட்டான்.
கப்பல் ஏத்தி விட்டவனே, எறங்கும் எடம் யாரு காட்டுவான்?

ஜீப்பிலிருந்து இறங்கியவர் டிரைவர் சேகர். தாயகம் திரும்பியவர்கள் குடியிருப்பில் சவரிக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தவர். கையில் பேப்பர்.

"நிருபரே, எதுல கேட்டு இத எழுதுனீங்க?"

"டேப்புலதான்."

"எங்க, அந்தக் கேசட்டக் குடுங்க பாப்பம்."

என் கேசட்டையே ஜீப் பிளேயரில் போட்டார். மேட்டில் உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து சரிவில் உருளுகிற மாதிரி சவரி பாடினார். நான் கேட்ட அதே பாட்டு. பிறகு சேகர் உள்ளே வந்து என் டேப் ரெக்கார்டரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"பேட்டரிதான் செத்துக் கெடக்கு. சவரிண்ணே நாக்குக்கு ஒண்ணுமில்ல."

இரண்டு தடவை கொல்லைப்புறம் போய்வந்தேன். மூன்றாவது தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப் போகவில்லை.

2. எஸ்.டி.டி. பூத்

"வர்ற ஞாயித்துக்கெழம சவரிண்ணே இங்க பாட வர்றாரு" என்றார் சேகர். "மெட்ராஸ்ல பாடிட்டாரு, மலேசியாவுல பாடிட்டாரு. சொந்த சனத்து முன்னாடி ஒருக்காகூடப் பாடுனதில்ல. ஓட்டல் மேனேஜர் ஹால் தர்றேன்னாரு. இன்னிக்கு வெள்ளனே ஒங்க பேப்பரப் பாத்துட்டு முடியாதுன்னுட்டாரு. நீங்கதான் வந்து சொல்லணும்."

போனேன். மேனேஜர் மரியாதையாகவே பேசினார். "சாரி சார், சீசன் டைம்ல ரிஸ்க் எடுக்க முடியாது. தளர்ந்துட்டாருன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

"அது பேட்டரி சார்."

"பேட்டரின்னு பேப்பர்ல வரட்டும். ஹால் தர்றேன்."

பூத்துக்குள் நின்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்தேன். 'தளர்ந்த' என்றால் 'கனிந்த' என்று பொருள் கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் மதுரை நம்பரைச் சுழற்றி, செய்தி ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். மறுமுனையில் டெஸ்க் முழுக்கச் சிரிக்கிற சத்தம்.

"யோவ், பேட்டரி தீந்துபோச்சுன்னு எந்தப் பேப்பராவது திருத்தம் போடுமாய்யா? ஒன் பேர்ல அதப் போட்டா, நாளைக்கு நீ சொல்ற காட்டெருமையக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான்."

என் பயமும் அதேதான். இந்த மலையில் எனக்கு இருந்த ஒரே கௌரவம் அந்த நிருபர் வேலை.

"என் பேர்லயே போடுங்க சார்" என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பூத்துக்கு வெளியே சேகர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்து நின்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை என் பெயரோடு பாக்ஸ் நியூஸாக வந்தது: 'எமது நிருபர் தளர்ந்த பேட்டரியில் கேட்டு எழுதிவிட்டார். பாடகர் சவரியின் நாக்கு நலமாக உள்ளது.' எனக்குக் காட்டாமலே கடைசி வரியைச் செய்தி ஆசிரியர் சேர்த்திருந்தார். மார்க்கெட்டுக்குள் என்னால் நடக்க முடியவில்லை. "நிருபரே, நம்ம கடையில புது பேட்டரி கெடக்கு, ரெண்டு எடுத்துக்கிறீகளா?" என்றார் பூண்டு மண்டிக்காரர். ஆனால் மேனேஜர் ஹாலைக் கொடுத்துவிட்டார்.

3. ஹாலின் கடைசி வரிசை

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஹாலில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் அந்தப் பேட்டரி ஆள் யாரென்று பார்க்க வந்தவர்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைச் சேகர் ஜீப்பில் நடை நடையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். நான் கதவை ஒட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஓட வசதியாக இருக்கும்.

சவரி வந்தார். நரை கலந்த தாடி. "யாருங்க அந்தப் பேட்டரி நிருபரு?" என்றார். சேகர் விரலால் காட்டவில்லை, முழுக் கையையும் நீட்டிக் காட்டினார்.

நான் எழுந்து நின்றேன்.

"மெட்ராஸ் பேப்பரெல்லாம் நல்லாத்தாங்க எழுதுனாங்க" என்றார் சவரி. "மின்னலு, சூறாவளின்னு எழுதுனாங்க. பாட்டுல என்னா சொன்னேன்னு ஒருத்தரும் எழுதல. நீங்கதான் ரெண்டு வரி எடுத்துப் போட்டிருந்தீங்க. எங்கக்கா அதப் படிச்சிட்டு போன் போட்டு அழுதிச்சு. இத்தன வருசமா நான் என்னா பாடுறேன்னே அதுக்குத் தெரியாதாம்."

"அது... முந்நூறு வார்த்தை நிரப்பணும்ல அண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மேடையேறியதும் தாளத்தை நிறுத்தச் சொன்னார். முதல் பாட்டை வெறும் குரலில், நிதானமாக, கதை சொல்வதுபோலச் சொன்னார். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் அமைதியானார்கள். 'தாத்தன் ஊரு ஏது' என்ற இடத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு தாளத்தைப் போடச் சொல்லி, அதே பாட்டைத் தன் வேகத்தில் பாடினார். இளவட்டங்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள்.

முடிந்ததும் நடு வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். சவரியின் அக்கா.

"தம்பி, இன்னொருக்காப் பாடுய்யா. வெரசாவே பாடு. இப்ப வெளங்குது."

மூன்றாவது தடவை, வரிக்கு வரி கடைசிச் சொல்லை ஹாலே சேர்ந்து சொன்னது. கதவருகே மேனேஜர், அடுத்த சீசனுக்குத் தேதி கேட்டுச் சேகரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மதுரைக்கு வந்த கேசட், சி.டி. எல்லாவற்றையும் டெஸ்க் எனக்கே அனுப்பியது. தண்டனையா, பதவி உயர்வா என்று இன்றுவரை தெரியவில்லை.

பாட்டு வந்த கால் மணி நேரத்தில் செல்போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு தடவை கேளுங்கள். எப்படிப் பாடுகிறார் என்று ஒரு தடவை, என்ன பாடுகிறார் என்று ஒரு தடவை. அப்படியும் தப்பாகிவிட்டால் உங்கள் பெயரிலேயே திருத்தம் போடுங்கள். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்க வந்தவர்கள் உட்கார்ந்து பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.