தலைமாட்டுக் கட்டம்

எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. பெற்றது ஐந்து, கொழுந்தன் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறில் ஒன்றுகூட அடுத்த வீட்டில் போய்ப் பசி என்று நின்றதில்லை. இது என் மூன்றாவது பிள்ளை பிறந்த சமயம் நடந்தது. எழுபதுகளின் தொடக்கம். கடம்பத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் விடியும்போதே ரயிலேறி ஆவடிக்கு வேலைக்குப் போய்விடுவார். நிலத்தை மாமியாரும் நானும் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் தெருவில் ஒரு போர்வை இருந்தது. பழம்புடவைகளைக் கட்டம் கட்டமாக வெட்டிச் சேர்த்துக் கையால் தைத்தது. எதிர்வீட்டுக்குச் சொந்தம். ஆனால் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்த வீட்டுக்குப் போய்விடும். முப்பது நாள் பிள்ளை அதில்தான் கிடக்கும். அப்புறம் துவைத்துக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும். சண்டைக்காரர் வீடு என்றாலும் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது.

எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் அப்போது பேச்சே இல்லை. ஏரித் தண்ணீர் முறையில் வந்த சண்டை. இரண்டு வருஷமாக முகம் பார்க்கவில்லை. அப்படியும் எனக்குப் பிள்ளை பிறந்த மறுநாளே என் மாமியார் கையில் போர்வையைக் கொடுத்தனுப்பிவிட்டாள். அவளுக்கும் அப்போது எட்டாம் மாசம்.

இருபத்தைந்தாம் நாள். மாமியார் நடவுக்குப் போயிருந்தார். பிள்ளைக்கு நானே தலைக்கு ஊற்றி, போர்வையில் போட்டு, சாம்பிராணி போட்டேன். தணல் மங்குகிறதே என்று வேகமாக விசிறியதில் கொட்டாங்கச்சிக் கரி ஒன்று பட்டென்று வெடித்துத் தெறித்தது. பிள்ளையை வாரி எடுத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் போர்வையின் தலைமாட்டுக் கட்டத்தில் எட்டணா அளவுக்கு ஓட்டை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஐந்து நாளில் திருப்பித் தர வேண்டும். அடுத்து அவள் பிள்ளைதான் அதில் படுக்கப் போகிறது. ஓட்டையோடு போனால் தெருவுக்கே கேட்கும்படி பேசுவாள். போய்ச் சொல்லிவிடலாம்தான். அவள் வாசலில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. தையலில் அந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு. கருகிய துணியை வெட்டி எறிந்துவிட்டு அதே நிறத்தில் வேறு வைத்துத் தைத்தால் யாருக்குத் தெரியும்? அரக்கு நிறம். அந்த நிறத்தில் என்னிடம் இருந்தது அம்மா வளைகாப்புக்கு எடுத்துக் கொடுத்த புடவை ஒன்றுதான். கட்டினால் வெளியே தெரியாத உள்முனையில் ஒரு முழம் வெட்டினேன்.

மறுநாள் மதியம் பிள்ளை தூங்கியதும் ஊசி முனையால் தையலைப் பிரித்தேன். அந்தக் கட்டம் மட்டும் எப்போதும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். பிள்ளை தலைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அப்படித் தைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அரக்குத் துணியைத் தூக்கினால் அடியில் பச்சைத் துணி. அதிலும் ஒரு ஓட்டை. நான் வைத்த நெருப்பு இல்லை, பலமுறை துவைத்து வெளுத்துப்போன பழைய கருகல். அதையும் பிரித்தேன். அடியில் நீலம். அதிலும் ஓட்டை. எல்லாவற்றுக்கும் கீழே நிறமே தெரியாமல் போன ஒரு துணி. தொட்டால் வாழைப்பூ மடலின் உள்பக்கம் மாதிரி வழவழப்பு. அதிலும் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

எல்லாம் ஒரே இடத்தில். போர்வையின் ஒரு முனையில் குஞ்சம் வைத்திருக்கும். அந்தப் பக்கம்தான் பிள்ளையின் தலை. தலை காயத்தானே சாம்பிராணி? நெருப்பு வேறெங்கே தெறிக்கும்? கருகியதை வெட்ட எடுத்த கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது.

"இன்னாமே, போர்வைய உரிச்சிக்கினு கீற?"

நிமிர்ந்தால் எதிர்வீட்டுக்காரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசற்படியில் நிற்கிறாள். அவள் கோழி எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாம். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"நெருப்பு தெறிச்சிடிச்சி யக்கா," என்றேன். பொய் வாயில் வரவில்லை.

திட்டப் போகிறாள் என்று பார்த்தால், தரையில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். அரக்குத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். "இது நான் வெச்சது. மொதப் புள்ளைக்கு சாம்பிராணி போடறப்ப எரிஞ்சிடிச்சி. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னுடும்னு, அது சந்தைக்குப் போன நேரமா பாத்துத் தெச்சேன். கட்டத்துக்கு ஒரு நெறமா கீற போர்வ, பச்ச போயி அரக்கு வந்தது யாருக்கும் தெரில. இந்த நாள் வரிக்கும் ஒருத்தர்கிட்ட வாயத் தொறக்கல."

"அப்போ அடியில கீற பச்ச?"

அது முதலிலிருந்தே இருக்கிற கட்டம் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். பிரித்துப் பார்க்காமல் மேலேயே வைத்துத் தைத்திருக்கிறாள். பச்சைத் துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். கண் விரிந்தது.

"அடிப்பாவி! இந்தக் கோணத் தையலு எங்க மாமியாருது! செத்துப்போன மகராசி, ஒரு நாளாச்சும் என்ன நிம்மதியா சாம்பிராணி போட வுட்டுச்சா? 'பாத்துப் போடு, பாத்துப் போடு'ன்னு தலமாட்டுலயே நிக்கும்!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான்.

அப்புறம் அவள் நீலத் துணியைத் தொட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தையல் யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு பொடித் தையல். கண்ணுக்குக் கிட்டே வைத்தாலும் நூல் போன வழி தெரியாது. என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தேனே, மிஞ்சினவள் எந்தக் காலத்திலோ இருந்து, ஓட்டையை மறைத்துவிட்டு, பேர்கூடத் தெரியாமல் போயிருக்கிறாள்.

"ஒண்ணயும் வெட்டாதமே," என்றாள் அவள், மெதுவான குரலில். "உன்னுத மேல வெய்."

வெட்டவில்லை. எல்லாவற்றையும் அப்படியே அடுக்கி, மேலே என் வளைகாப்புப் புடவைத் துண்டை வைத்தேன். அவள் ஓரத்தை இழுத்துப் பிடிக்க நான் தைத்தேன். பேசிக்கொண்டே தைத்ததில் என் தையலும் அன்றைக்குக் கோணலாகத்தான் வந்தது. அடுத்த மாசம் அவள் பிள்ளை அதில் கிடந்தது. ஏரித் தண்ணீருக்கு அப்புறமும் சண்டை போட்டோம். பேசாமல் மட்டும் இருந்ததில்லை.

ஒரு தப்பைச் செய்துவிட்டு, நான் ஒருத்திதான் இப்படி என்று ஒளித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அதே இடத்தில் அதே பயத்தோடு ஊசியில் நூல் கோத்திருக்கிறார்கள் என்பதை இன்றைக்கும் ஊசி எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எங்க கண்ணு, மொதல்லேர்ந்து ஒரு தபா படி. அந்த நீலத் துணிக்காரிய சரியா எழுதினியான்னு கேக்கறேன்.