வெட்டுக்குறி போட்ட மரங்கள்

அன்று மலையடியில் நின்றவர்கள்: நான். என் பெண்டாட்டி. அண்ணன். கழக்கூட்டத்து ஆபீஸிலிருந்து மரம் அளக்க டேப்போடு வந்த பெண். எங்கள் சினைப் பசு.

நெடுமங்காட்டுக்கு அப்பால் உள்ள மேய்ச்சல் நிலம். எனக்கும் அண்ணனுக்கும் பொது, பாகம் பிரிக்கவில்லை. கீழே புல். மேலே சரிவில் காட்டு மரங்கள். ஓரத்தில் பாம்புக் காவு, நாகத்துக்கு விட்ட தோப்பு. அண்ணனுக்கு நிலத்தை ரப்பர் போடுகிறவனுக்கு விற்க வேண்டும். எனக்கு மாடு மேய்க்க வேறு இடம் கிடையாது. மரத்தை வெட்டாமல் விட்டால், அது இழுக்கும் புகைக்குக் கணக்குப் போட்டு எங்கோ ஒரு கம்பெனி காசு தரும், கார்பன் கிரெடிட் என்று பெயர் என அந்த ஆபீஸில் சொன்னார்கள். காசு வந்தால் விற்கவில்லை என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

அந்தப் பெண்ணை முதலில் காவுக்குக் கூட்டிப்போனோம். பெரிய மரமெல்லாம் அங்கேதான். ஆயில்யத்துக்கு விளக்கு வைக்க மட்டும் உள்ளே போவோம். விழுந்த சுள்ளிகூட எடுப்பதில்லை.

"இத எப்பவாவது வெட்டுவீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஐயோ மோளே, கத்தி வச்சா கை இருக்குமா? எங்க காலம் கழிஞ்சாலும் ஒருத்தரும் தொடமாட்டாங்க," என்றாள் என் பெண்டாட்டி. பெருமையாகத்தான் சொன்னாள்.

அந்தப் பெண் டேப்பைச் சுருட்டினாள். "அப்போ இது கணக்குல வராது ஆன்ட்டி. எப்படியும் நிக்கப்போற மரத்துக்குக் காசு கிடையாது. வெட்டப்போனத நிறுத்தினாத்தான்."

"கேட்டியாலே," என்றான் அண்ணன். "பாம்பும் கைவிட்டுது. வித்துரலாம்."

நான் சரிவில் ஏறினேன். அந்தப் பெண்ணும், பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். அங்கே மரங்களில் பட்டையைச் செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. போன மாதம் எனக்குத் தெரியாமல் அண்ணன் மரவியாபாரியைக் கூட்டிவந்து செய்த வேலை. அதிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை.

"இது என்ன?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வெட்டுக்குறி. விலை பேசியாச்சு. அட்வான்ஸ் வாங்கலை," என்றேன் நான்.

அவள் முகம் தெளிந்தது. ஒவ்வொரு குறியையும் போட்டோ எடுத்தாள். "இதுதான் வேணும்."

அண்ணன் மீசையைத் தடவினான். "விளக்கு வச்சவனுக்கு ஒண்ணுமில்ல. வெட்ட வந்தவனுக்குக் காசு. பாத்தியாலே?"

"இனி சரிவுல மாடு ஏறக்கூடாது, முளைக்கிற செடியத் தின்னுரும்," என்றாள் அவள்.

"அத மாட்டுக்கிட்ட சொல்லு மோளே," என்றாள் என் பெண்டாட்டி.

வேலி கட்டினோம். கீழே உள்ள புல் போதும். பசு மட்டும் வேலிமேல் தலையை வைத்துக்கொண்டு மேலே பார்க்கும். முதல் காசு வந்தது. அண்ணன் விற்கும் பேச்சை விட்டான். நான் அவனோடு பேசத் தொடங்கினேன். கொஞ்சம்.

காவு கணக்கில் இல்லை. சரிவில் குறி போட்ட மரம் முப்பத்தொன்றும் உண்டு.