மட்டப்பாவில் எருமை

நேற்று எங்கள் தெருவில் பழைய வீடொன்றை இடித்தபோது எழுந்த காரைத்தூசியின் வாசனையில், இடைசெவலுக்குக் கிழக்கே கண்மாய்க்கரையை ஒட்டி இருந்து, இப்போது இல்லாமல் போன எங்கள் புஞ்சைவீடு நினைவுக்கு வந்தது. மரக்கட்டைகள் பாவிக் காரை போட்ட அதன் தட்டையான கூரை, மட்டப்பா என்போம், கரையின் உயரத்துக்கே இருக்கும். அப்பா இறந்தபின் அங்கே நானும் அம்மாவும் ஓர் எருமையும்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆளில்லை.

எனக்கு ஒன்பது வயது. அம்மா காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த ஒரு மத்தியானம், கயிற்றை அறுத்துக்கொண்ட எருமை கரைவழியே மட்டப்பாவில் ஏறி, அங்கே படர்ந்திருந்த பூசணிக்கொடியை மேய்ந்தது. அது குளம்பை மாற்றி வைக்கும்போதெல்லாம் கட்டைகள் முனகின. அம்மாவின் முகத்தில் காரை உதிர்ந்தது. விரட்டினால் மிரண்டு குதிக்குமே என்று பயந்தேன்.

"எம்மா, எருமை மேல நிக்குது. எந்திரி."

"என்னால ஏலாது. ஏட்டி, நீ வெளிய போ."

நான் போகவில்லை. பாயோடு சேர்த்து அவளை வாசலுக்கு வெளியே இழுத்துவந்தேன்.

வயிறு நிறைந்ததும் எருமை வந்த வழியே இறங்கிப் போனது. மட்டப்பா தாங்கிவிட்டது. வெயிலில் கிடந்த அம்மா என் கையை விடாமல், "நான் போயிட்டா நீ யாருகிட்டட்டி போவ?" என்று கேட்டாள். கரிசல்காட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை எருமை மட்டும்தான் தெரிந்தது.