வெர்னா டீச்சரின் ஜெபம்

செப்டம்பர் பிறந்தாலே வெர்னாவுக்கு அலுப்புத் தட்டிவிடும். அமெரிக்காவின் ஷார்ப்ஸ்பர்க்கில் சண்டே ஸ்கூல் நடத்துகிறவளுக்கு அந்த மாதம் ஒரே பாடம்தான்: ஊரை ஒட்டிய சோளக்காட்டில், 1862-ல் உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட சண்டை. ஒரே பகலில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அடிமைகளின் விடுதலைக்கு அறிவிப்பே வந்தது.

பையன்களுக்குப் பீரங்கிக் கதை வேண்டும். வெர்னாவின் சபைக்கோ துப்பாக்கியே ஆகாது. யாரையும் கொல்லாதே, பட்டாளத்தில் சேராதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சபை அது. அன்று குண்டு துளைத்த வெள்ளைக் கோயிலும் அவர்கள் முன்னோர் கட்டியதுதான். "சுட்டவனையும் ஆண்டவர் நேசிச்சார், சுட்டதை நேசிக்கல" என்று வருஷா வருஷம் பாடத்தை முடிப்பாள். வாரமெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கியவளுக்கு, புதிதாக ஒரு வரி யோசிக்கவும் தெம்பில்லை.

இந்த வசந்தத்தில் அவளுடைய ஒரே மகன் நோலன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமலேயே குத்திக்காட்டுவது இந்த ஜனங்களுக்குக் கைவந்த கலை. லொரீன் ஒருத்திதான் காதுபடச் சொன்னாள்: "பெத்த பிள்ளையை நிறுத்த முடியல, ஊரார் பிள்ளைக்குப் பாடமாம்!" அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அன்பின் விருந்து வைக்கும் ஞாயிறு வந்தது. மாலையில் ஒருவர் காலை ஒருவர் கழுவி, கன்னத்தில் முத்தமிட்டு, மாட்டிறைச்சிச் சாற்றில் ஊறிய ரொட்டியைச் சேர்ந்து சாப்பிட்டு, அப்புறம் இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் எடுப்பார்கள். மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அந்த மேஜையில் உட்காரக் கூடாது என்பது சட்டம்.

காலை வகுப்பில் லொரீனின் மகள் டாபிதா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நோலன் அண்ணன் யாரையாவது சுட்டுட்டாரா?"

"தெரியாதும்மா."

"அவருக்காக ஜெபம் பண்றீங்களா?"

"தினமும்."

"என்னன்னு?"

பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வெர்னாவுக்குப் பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

"எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கினா, என் பையன் முந்திக்கணும்னு."

முன்வரிசைப் பையன் குதித்தான். "அப்போ சுடலாமா டீச்சர்?"

"கூடாது."

"நீங்களே வேண்டிக்கிறீங்களே!"

"ஆமாடா. கூடாததைத்தான் வேண்டிக்கிறேன்."

வாசலில், மகளைக் கூட்டிப்போக வந்த லொரீன் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாயிற்று என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் போதகரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வகுப்பு போய்விடும். அலுப்பு அலுப்பு என்று புலம்பினாலும், கணவனும் போய்ச் சேர்ந்து மகனும் தூரமான பிறகு, வெர்னாவுக்கு மிஞ்சியது அந்த வகுப்பு ஒன்றுதான். அதை இழக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மாலையில் பெண்கள் பக்கத்து பெஞ்சில், யார் கண்ணிலும் படாமல் கடைக்கோடியில் உட்கார்ந்தாள். பித்தளைத் தொட்டி ஒவ்வொருவராக நகர்ந்து வந்தது. லொரீன் இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டி, வெர்னாவின் முன்னே மண்டியிட்டாள்.

"அக்கா, காலை நீட்டுங்க."

வெர்னா நீட்டவில்லை. "போதகர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல."

"ஏன்?"

"அன்னிக்குப் பேசினதே தப்பு. இதையும் போய்ச் சொல்வேனா?"

லொரீனே காலைப் பிடித்து வெந்நீரில் வைத்தாள். விரல்களைக் கழுவிக்கொண்டே லொரீன் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஜெபத்தை மட்டும் விட்டுடுங்க அக்கா. மேஜைக்குப் போறதுக்கு முன்னாடி."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். வெர்னா மாட்டேன் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

"முடியாது லொரீன். இன்னிக்கு ராத்திரியும் அதைத்தான் கேப்பேன்."

தண்ணீருக்குள் லொரீனின் கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் முத்தமிட்டு எழுந்து போனார்கள். அடுத்தவர்கள் தொட்டிக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னொரு காலைக் குடுங்க," என்றாள் லொரீன்.